மாமியாருக்கு முக்காடு போட்ட பட்டறை

பிள்ளைகளா, உங்களில் ஒருவர் போன வாரம் திரையில் வந்து கொட்டுகிற எச்சரிக்கைகள் தாங்காமல், லாக் மொத்தத்தையும் ஒரே வரியில் அணைத்துவிட்டு, "இப்பத்தான் நிம்மதி" என்று சொன்னதாக என் காதுக்கு வந்தது. யார் என்று கேட்கமாட்டேன். காதைத் திருகுகிற அதிகாரமெல்லாம் ஓய்வு பெற்ற அன்றே போய்விட்டது. வாய் மட்டும் மிச்சம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு உங்களை விடுவதாக இல்லை.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மெஷின் லேர்னிங் லைப்ரரி என்று இறக்கி வைத்துக்கொள்கிறோமே, அது யாரோ எங்கேயோ எழுதிய நிரல் மூட்டை. வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற வழக்கமே அதற்குக் கிடையாது. இதைத் திறந்தேன், அதை ஏற்றினேன், இது பழசாகிவிட்டது, அது கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே போகும். அந்தப் பேச்சுதான் லாக். அதில் படிகள் உண்டு. டீபக் என்பது பல் தேய்த்தேன், குளித்தேன் என்று ஒப்பிக்கிற ரகம். இன்ஃபோ என்றால் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டேன். வார்னிங் என்றால் மழை வரும்போல இருக்கிறது. எரர் என்றால் ஆட்டோ கவிழ்ந்துவிட்டது. எந்தப் படியிலிருந்து நம் காதில் விழ வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்த ஒரு வரியால் தாராவியில் ஒரு மனிதரின் பெயர் கெடப் பார்த்தது.

அவர் செல்வராஜ் அண்ணாச்சி. தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். சர்ச்சில் எனக்கு முன் பெஞ்சு. வருஷக்கணக்காக அவர் தைத்த பைகளில் எல்லாம் யார் யார் பெயரோதான் இருந்தது. கடைக்காரர்கள் லேபிளைக் கட்டாகக் கொடுப்பார்கள், இவர் வைத்துத் தைத்துக் கொடுப்பார். அப்படிப்பட்டவரிடம் ஒரு பெரிய கடையிலிருந்து வந்து, "உங்கள் பெயரிலேயே போடுங்கள், எங்கள் ஆள் வந்து பார்த்துச் சரி என்றால் எல்லாக் கடையிலும் வைக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி தன் மகள் பெயரையே லேபிளாக அடித்தார். ரூபி. சிவப்பு எழுத்து. பாதிரியார் உட்பட எல்லாரிடமும் காட்டினார். தேறாவிட்டால் பழையபடி அடுத்தவன் பெயர்தான் என்று அவருக்கும் தெரியும், பட்டறைக்கும் தெரியும்.

கடைக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். தோலில் வடு, கீறல், ஓட்டை இருக்கக்கூடாது, அதையும் கேமரா வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான்தான் எங்கள் செம்பூர் அலுவலகத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நிரல் எழுதியவன் ஜெபின். கெட்டிக்காரன், அம்பர்நாத்திலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து, நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் வேலை செய்வான். மேஜையில் தோலை விரித்தால் உத்தரத்தில் இருக்கிற கேமரா படம் எடுக்கும். நிரல் அதைப் பார்த்து முடிவு சொல்லும். பட்டறையில் எல்லார் கையிலும் பசை, திரையைப் பார்க்க ஆளில்லை. அதனால் ஜெபின் கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்பீக்கரை ஒட்டி, திரையில் எது வந்தாலும் தமிழாக்கிப் பெண் குரலில் படிக்கிற மாதிரி செய்துவிட்டான். நல்ல தோல் என்றால் "சரி", கெட்டதென்றால் "வடு".

எது வந்தாலும் என்றால் எது வந்தாலும்தான். எங்கள் அலுவலகக் கணினிகளில் லைப்ரரியின் வாயை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தோம். பட்டறைக்குப் போனது புதுக் கணினி. அதை யாரும் கட்டவில்லை.

முதல் நாள் காலையில் நல்ல ஆட்டுத்தோல் ஒன்றை விரித்தார்கள். குரல் கணீரென்று வந்தது. "சரி. எச்சரிக்கை. இது வருங்காலத்தில் நீக்கப்படும்."

லைப்ரரி சொன்னது தனக்குள் இருக்கிற ஏதோ ஒரு பழைய வசதியைப் பற்றி. சொன்னது ஜெபினிடம். ஆனால் ஜெபின் செம்பூரில் இருந்தான், கேட்டது பாக்கியம். பட்டறையில் தையல் வேலைக்கெல்லாம் தலைவி பாக்கியம்தான். அவர் வைத்ததுதான் அங்கே சட்டம்.

"சரின்னுதான சொல்லுது பாக்கியம்?" என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார்.

"பொறவு என்னமோ சொல்லுதுல்லா. வருங்காலத்துல நீங்கிருமாம். இப்பம் நல்லாத்தான் இருக்கும், பின்னால தோலு உரிஞ்சிரும்னு முன்கூட்டியே சொல்லுதா. எடது பக்கம் போடு."

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். தோல் பார்க்கிறவர் "சரி" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் துண்டு வலது பக்கம் போகும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வந்தாலும் இடது பக்கம், கழிவுதான். ஏன் எதற்கு என்று வாதாடக் கூடாது, வாதாடினால் வேலை நடக்காது. மனிதர் தோல் பார்த்த காலத்தில் இது நல்ல வழக்கம். லைப்ரரி ஒரு வார்த்தையோடு நிறுத்துகிற ஜென்மமா?

"சரி. இந்தக் கணினியின் முழு வேகம் பயன்படுத்தப்படவில்லை."

இடது பக்கம். அதோடு கத்தரி போடுகிற ஒருவர், "நாங்க என்ன இங்க கத பேசிட்டா இருக்கோம்?" என்று கோபித்துக்கொண்டு, ரோஷத்தில் வேகவேகமாக வெட்ட ஆரம்பித்துவிட்டாராம்.

"சரி. எச்சரிக்கை. நீங்கள் கொடுத்த அளவு பொருந்தவில்லை, நானே மாற்றிக்கொள்கிறேன்."

"அளவு எடுத்தது நானு. அத மாத்த இவ யாரு?" இது பாக்கியம். அன்று மத்தியானத்துக்குள் இயந்திரத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. மாமியா.

அண்ணாச்சி எனக்கு போன் போட்டார். "ஏக்கா, ஒங்க மாமியா ஒரு தோலயும் விடமாட்டேங்கா. எடது பக்கம் குமிஞ்சு கெடக்கு. வலது பக்கம் தரை தெரியுது. கடையிலருந்து பாக்க மேடம் வாரதுக்குள்ள நான் காத்துலதான் பை தைக்கணும் போல."

விஷயம் புரிந்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தச் சிரிப்பு எங்கள் முதலாளியைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மாட்டுங்காக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளை மேஜை, திரையில் ஒரு வரி அதிகமாக வந்தாலும் முகம் சுளிக்கிற மனிதர். நல்லவர்தான், சத்தம் மட்டும் ஆகாது.

"என்னம்மா இது, கஸ்டமர் எடத்துல போய் நம்ம ப்ரோக்ராம் புலம்பறதே. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்கோ."

"வார்னிங் வரைக்கும் அடக்கலாம் சார். எரர் இருக்கட்டும். ஏதாவது கெட்டுப்போனா அதுதான் சொல்லும்."

"எரர்னு ஒரு வார்த்தை அவா காதுல விழப்படாது. விழுந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பா? சரி, வடு, ரெண்டே வார்த்தை. மத்தது எதுவும் வேண்டாம்."

நான் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன், குரலை உயர்த்தியும் சொன்னேன். அவர் என்னைத் தாண்டிப் போய் ஜெபின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். முதலாளி முதுகில் மூச்சுவிட்டால் எவன் விரல்தான் ஆடாது. ஜெபின் செம்பூரில் இருந்தபடியே பட்டறைக் கணினிக்குள் போய், அந்த ஒரு வரியை எழுதிவிட்டான். அவன் கைப்பட எழுதிய எரர்களும் லைப்ரரியின் லாக் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பூட்டு விழுந்தது.

இனிமேல்தான் கூத்து. அதே நேரம் தாராவியில் பாக்கியமும் மாமியாரை அடக்குகிற வேலையில் இறங்கியிருந்தார். மேலே சின்ன விளக்கு எரிந்துகொண்டு முகம் மாதிரி இருந்தது கேமராதான். மூஞ்சியை மூடினால் வாயும் மூடிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. மிச்சத் துண்டில் நல்லதாகப் பொறுக்கி, அளவெடுத்து, ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு, முன்னால் ஒரு பிரஸ் பட்டனும் வைத்து, கேமராவுக்கு ஒரு முக்காடு தைத்துவிட்டார். ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினார். இங்கே ஜெபின் வரி எழுத, அங்கே பாக்கியம் பட்டனை அழுத்த, மாமியார் வாய் நின்றுபோனது.

"சரி."

அவ்வளவுதான். பட்டறையே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததாம். அடுத்த தோலை விரித்தார்கள். "சரி." அதற்கடுத்ததும் "சரி." எங்கள் முதலாளி தன்னால்தான் அடங்கியது என்று அலுவலகத்துக்கெல்லாம் பேடா வாங்கிக் கொடுத்தார். பாக்கியம் தன்னால்தான் அடங்கியது என்று இரண்டு தெருவுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தார். முக்காட்டைப் பற்றி எங்களிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. விலை கூடின கேமராவுக்கு என்னத்தையோ மாட்டிவிட்டார்கள் என்று நாங்கள் கோபிப்போம் என்று அண்ணாச்சிக்குப் பயம்.

முகத்தை மூடினால் அது எப்படிப் பார்க்கும் என்று ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை என்று கேட்பீர்கள். தோன்றியிருக்கிறது. அண்ணாச்சியே கேட்டிருக்கிறார். அதற்குப் பாக்கியம் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"தோலுக்குள்ள இருக்க வடுவக் கண்டுபிடிக்குத மெஷினு. ஒரு துண்டுத் தோலத் தாண்டிப் பாக்காதா?"

அண்ணாச்சிக்கு அது நியாயமாகப் பட்டுவிட்டது. இடது பக்கம் குவிந்து கிடந்ததும் மறுபடி மேஜைக்கு ஏறி, எல்லாமே "சரி" வாங்கிக்கொண்டு வலது பக்கம் போய், பையாகி, ரூபி என்று லேபிளும் ஏறி, பெட்டிக்குள் போய்விட்டது.

ஆய்வு நாளன்று நானும் ஜெபினும் போயிருந்தோம். பார்க்க வந்தவர் தேஷ்பாண்டே மேடம். குட்டையான பெண்மணி, தொளதொளவென்று ஒரு பை, அதிகம் பேசமாட்டார். பட்டறையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார்கள். அண்ணாச்சி இஸ்திரி போட்ட சட்டையில் வேர்த்துக்கொண்டு நின்றார். மேலே கேமராவுக்கு ஓர் உறை இருந்ததை நானும் பார்த்தேன். அத்தனை நேர்த்தியான வேலை. ஜெபின் வாங்கிப் போட்டிருக்கிறான் என்று நான் நினைத்தேன். அண்ணாச்சி வாங்கிப் போட்டிருக்கிறார் என்று ஜெபின் நினைத்தான். கண் இருக்கிற இடத்தில் பிரஸ் பட்டன் பளபளவென்று இருந்தது, கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு அதுதான் லென்ஸ்.

மேடம் தன் பையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்தார். நடுவில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. மேஜையில் விரித்தார்.

"சரி."

மேடம் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டினார்.

"சரி."

தன் குடையை வைத்தார். "சரி." பக்கத்தில் இருந்த யாருடைய டிபன் பாக்ஸையோ வைத்தார். "சரி." கடைசியில் தன் கையையே மேஜையில் விரித்தார். "சரி" என்றது மாமியார், மருமகளை மெச்சுகிற மாதிரி.

"யே கபீ நா போல்தீ ஹை க்யா?" என்று மேடம் என்னைக் கேட்டார். இது எப்போதாவது வேண்டாம் என்று சொல்லுமா என்று கேட்கிறார். ஓரிரண்டு பேர் சிரித்துவிட்டு, அண்ணாச்சி முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

நான் வெளியே சந்துக்கு வந்து முதலாளிக்கு போன் போட்டேன். அவர் அரைக் கணம்கூட யோசிக்கவில்லை. "நெட் ப்ராப்ளம்னு சொல்லிடுங்கோ. இன்னொரு நாள் வரச் சொல்லுங்கோ. அதுக்குள்ள என்னன்னு பாத்துக்கலாம். லாக்கத் தொறந்துடாதீங்கோ, மானம் போயிடும்."

பிள்ளைகளா, அது நல்ல பொய். அதுதான் அதில் இருந்த ஆபத்து. மும்பையில் நெட் போய்விட்டது என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? மேடம் போய்விடுவார், நாங்கள் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். ஆனால் இத்தனை நாளாக இது எதைப் பார்த்துச் சரி சொன்னது என்று எங்களுக்கே தெரியாது. பெட்டிக்குள் போன பைகளை அதற்கப்புறம் யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? எனக்கு ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தது. அலுவலகத்தின் மானம் எங்களோடு போகட்டும், ஆனால் இங்கே தொங்கிக்கொண்டிருந்தது அண்ணாச்சியின் லேபிள். அதை நானாக முடிவு செய்யக் கூடாது என்று பட்டது.

உள்ளே போய் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, மாமியா வாய நாங்க முழுசாக் கட்டிட்டோம். அவுத்துவிட்டா என்ன கெட்டுப்போச்சுன்னு அவளே சொல்லிருவா. ஆனா மேடம் முன்னால சொல்லுவா. இன்னைக்கு உங்க காரியம் கெட்டாலும் கெட்டுரும். நெட் இல்லன்னு சொல்லி அவங்கள அனுப்பவும் செய்யலாம். நீங்க சொல்லுங்க."

அவர் பெட்டிகளைப் பார்த்தார். "உள்ள போனதுல கெட்டது இருக்குமோ?"

"இருக்கும்னுதான் நெனைக்கேன்."

"பிள்ள பேரப் போட்டுட்டமே அக்கா," என்றார். "அவுத்துவிடச் சொல்லுங்க."

ஜெபின் அந்த வரியை மாற்றினான். எரர் மட்டும் வெளியே வருகிற மாதிரி வைத்தான். மேடத்தின் ஓட்டைத் தோல் இன்னும் மேஜையில்தான் கிடந்தது. குரல் பட்டறை முழுக்கக் கேட்டது.

"பிழை. வந்த படம் முழுவதும் இருட்டு. கடைசியாகப் பார்த்த நல்ல படத்தை வைத்துச் சொல்கிறேன். சரி."

கொஞ்சம் பொறுத்து மறுபடியும். "பிழை. வந்த படம் முழுவதும் இருட்டு."

"அக்கா, இது இத்தன நாளா இதையேதான் சொல்லிட்டு இருந்திருக்கு," என்றான் ஜெபின். எல்லார் கண்ணும் மெதுவாக மேலே போனது. பாக்கியம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பட்டனைக் கழற்றி, முக்காட்டை எடுத்தார். லென்ஸ் வெளியே வந்தது. அந்த நொடியே குரலும் வந்தது.

"வடு. நடுவில் ஓட்டை."

மேடம் முக்காட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது எதற்கு என்று பாக்கியம் சொல்ல, நான் அதை இந்தியில் விளக்க விளக்க அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டிகளைக் காட்டி, "ஹசீ அலக், காம் அலக்" என்றார். சிரிப்பு வேறு, வேலை வேறு. கையெழுத்துப் போடவில்லை. எல்லாப் பையையும் திறந்து பார்த்து வையுங்கள், மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டிகள் எல்லாம் மறுபடி திறந்தன. ஒவ்வொரு பையும் கேமராவுக்குக் கீழே போனது. பாதிக்குப் பாதி இல்லை என்றாலும், ஒரு மூலை நிறைகிற அளவுக்கு "வடு" வந்தது. ஒரு பையில் கீறல் இருந்தது அடிப்பக்கத்தில், நகம் அளவு. "இது வெளிய தெரியாது அண்ணாச்சி," என்றான் ஜெபின்.

"எனக்குத் தெரியுமே தம்பி," என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி கத்தரியை எடுத்து அந்தப் பையின் லேபிளைத் தானே பிரித்து எடுத்தார். அப்படி வடு வாங்கிய எல்லாப் பையிலும் அவரே பிரித்தார், வேறு யாரையும் தொடவிடவில்லை. பெயரில்லாத பைகளாக அவை ஒரு மூலைக்குப் போயின. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் முதலாளியும் வந்தார். பட்டறை ஸ்டூலில் வெள்ளைப் பேண்டோடு உட்கார்ந்து, அண்ணாச்சி லேபிள் பிரிப்பதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜெபினைக் கூப்பிட்டு, "எரர் கண்டிப்பா கேக்கணும்ப்பா, அத யார் அடக்கச் சொன்னா?" என்று கேட்டார். ஜெபின் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்போது செய்த ஏற்பாட்டைத்தான் இன்றைக்கும் நீங்கள் கையாளுகிறீர்கள். லைப்ரரி நம்மிடம் புலம்புவதெல்லாம் கோப்புக்குப் போகும், அதைப் படிப்பது நம் தலையெழுத்து. பட்டறையின் காதுக்கு முடிவு மட்டும் போகும். எரர் வந்தால், "எனக்குப் பார்க்க முடியவில்லை, வேலையை நிறுத்துங்கள்" என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு வாக்கியம் வரும், அதன் பிறகு "சரி" வராது. ஒரு செய்தியை அடக்கப் போகும்போது, அது யாரிடம் பேசுகிறது என்று முதலில் கேளுங்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் கத்துகிறது என்றால், ஆளிருக்கிற இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். வாயைப் பொத்துவது கடைசி.

மேடம் மறுபடி வந்தார். நேராகப் போய் அதே ஓட்டைத் தோலை விரித்தார். பட்டறையில் தையல் மெஷின் எல்லாம் நின்றுவிட்டது. பாக்கியம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வடு. நடுவில் ஓட்டை."

யாரோ கைதட்டினார்கள். உடனே பட்டறையே தட்டியது. ஒரு தோலைக் கழித்ததற்காக இத்தனை பேர் சந்தோஷப்பட்டு மேடம் பார்த்திருக்க மாட்டார். "ரிஜெக்ட் பே தாலீ?" கழித்ததற்குக் கைதட்டலா என்று கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். அப்புறம் பெட்டிகளிலிருந்து தன் இஷ்டத்துக்குப் பைகளை உருவி, ஒவ்வொன்றாக வெகுநேரம் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவர் போன பிறகு எல்லாரும் டீக்குக் கிளம்பினார்கள். அண்ணாச்சி மட்டும் நகரவில்லை. தேறிய பைகளில் ஒன்றை எடுத்து, லேபிள் மேலே தெரிகிற மாதிரி மேஜையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சரி," என்றது குரல்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். நான் வாங்கி வந்திருந்த டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.